பேராசிரியப் பதவியும் கரைவலைப் பாடும்: இலங்கைப் பொருளியல் கல்வியின் ஒரு நூற்றாண்டு

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பொருளியல் பேராசிரியர் என்னும் பதவி எப்போது தோன்றியது, அதை அடைய விரும்பியவர் எந்தப் படிகளில் ஏற வேண்டியிருந்தது, ஏறியபின் அவர் யாருக்காகப் பேசினார் என்ற வினாக்களுக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் கொழும்பு, பேராதனை, இலண்டன் ஆகிய மூன்று இடங்களுக்குள்ளேயே சுற்றிவர நேரிடும். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புல்மோட்டை நோக்கிச் செல்லும் கரையோர வீதியில், நிலாவெளியை அடுத்துக் களப்பும் கடலும் கூடுமிடத்தில், குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் அமைந்திருக்கும் இறக்கக்கண்டி போன்றதொரு மீனவர் ஊர் அந்த வரலாற்றின் எல்லைக்கு வெளியே நிற்பதாகவே தோன்றும். ஆயினும் அவ்வூருக்குச் சில கிலோமீட்டர் தெற்கே கோணேசபுரியில் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இயங்குகிறது. ஒரு காலத்தில் கடல்கடந்து சென்று பெற வேண்டியிருந்த கல்வி கடற்கரைக்கே வந்து சேர்ந்த பின்னும், அதைக் கற்பிப்பவரின் தொழில்வாழ்வு எந்தத் திசையை நோக்கி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிய, இறக்கக்கண்டியில் நின்று இவ்வரலாற்றைப் பார்ப்பது பயன் தரும்.

பொருளியலைக் கற்பிப்பதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து அமர்த்தும் வழக்கம் மிகப் பழையதன்று. பிரித்தானியாவில் அப்பாடத்தின் பெயர் தாங்கிய முதல் பேராசிரியர் பதவியை உருவாக்கியது ஒரு பல்கலைக்கழகம் அல்ல, கிழக்கிந்தியக் கம்பெனிதான். இந்தியாவுக்கு அனுப்பப்படவிருந்த இளம் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க அது நிறுவிய கல்லூரியில் 1805இல் தோமஸ் மால்தஸ் வரலாற்றுக்கும் அரசியல் பொருளாதாரத்துக்கும் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் அதற்கு இருபது ஆண்டுகள் கழித்தே, 1825இல், நாசோ சீனியரைக் கொண்டு தன் பதவியை நிரப்பியது. ஆள்வோருக்கு ஆலோசனை கூறுவதும் ஆளப்போகிறவர்களைப் பயிற்றுவிப்பதும் இத்தொழிலின் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டவை என்பது இதிலிருந்து விளங்கும். பின்னாளில் குடியேற்ற நாடுகளில் இப்பதவி ஏற்படுத்தப்பட்டபோதும் அந்த ஒட்டு விடவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் மட்டும் தொடக்கத்திலேயே சற்று வேறு வழியில் சென்றது. அங்கு இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக 1915இல் வந்து சேர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர், அதற்கு முன் ஒக்ஸ்போர்டில் தொழிலாளர் கல்விக்காக நடத்தப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஆங்கிலேயப் பாடநூல்களில் உள்ள கோட்பாடுகளை மாணவர் மனப்பாடம் செய்வதில் பொருளில்லை என்று கருதிய அவர், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்களிடம் வினாப்படிவங்களைக் கொடுத்து, நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி நெல்லாகவா காசாகவா அளக்கப்படுகிறது, கடனுக்கு என்ன வட்டி என்றெல்லாம் எழுதிவரச் செய்தார். அவ்வாறு திரண்டவை 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூலாக வெளிவந்தன. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. அவருக்குப் பின் அப்பதவியை வகித்த பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணனோடு சேர்ந்து அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்து 1940இல் வெளியிட்டார்; இருவேல்பட்டுக்கு 1980களிலும் 2008இலும்கூட ஆய்வாளர்கள் திரும்பிச் சென்றனர். ஒரு பேராசிரியர் தம் முதல் மாணவர்களுக்குக் கொடுத்த வீட்டுவேலை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு ஓர் ஊரின் பொருளாதாரத்தைப் பின்தொடரும் ஆவணமாக வளர்ந்தது, பொருளியல் கற்பித்தலின் வரலாற்றில் அரிய நிகழ்வு என்றே சொல்லலாம்.

பாக்கு நீரிணைக்கு இப்பால் நிலைமை வேறாக இருந்தது. 1921இல் கொழும்பில் திறக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி தானாகப் பட்டம் வழங்கும் உரிமை பெற்றிருக்கவில்லை; அங்கு பயின்றோர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே, அதாவது இலண்டன் வகுப்புகளில் அமராமல் தொலைவிலிருந்து எழுதும் பரீட்சைகளுக்கே, ஆயத்தம் செய்யப்பட்டனர். வினாத்தாள் இலண்டனில் எழுதப்பட்டு விடைத்தாள் அங்கேயே திருத்தப்படும்போது, யாழ்ப்பாணத்துப் புகையிலைச் சந்தையையோ திருகோணமலைக் கரையின் மீன்பிடியையோ பற்றி ஒரு மாணவன் அறிந்திருப்பதால் அவனுக்கு ஒரு புள்ளியும் கூடப்போவதில்லை. ஸ்லேட்டருக்குச் சென்னையில் கிடைத்த சுதந்திரம் கொழும்பு விரிவுரையாளருக்கு இல்லாமல்போனதற்கு ஆர்வக் குறைவைக் காட்டிலும் இந்தப் பரீட்சை முறையே முதன்மைக் காரணம். 1942 ஜூலை 1ஆம் திகதி, ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் தனித்து இயங்கத் தொடங்கியபோது அந்தக் கட்டு சட்டப்படி அறுந்தது. பாடத்திட்டத்தின் மனப்போக்கு அத்தனை விரைவில் மாறவில்லை.

புதிய பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியராக விளங்கியவர் வங்காளத்தைச் சேர்ந்த பி. பி. தாஸ்குப்தா. 1949இல் அவர் வெளியிட்ட இலங்கைப் பொருளாதாரம் பற்றிய சுருக்கமான நூல், தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்று ஏற்றுமதிப் பயிர்களையும் அரிசி இறக்குமதியையும் சுற்றி நாட்டின் வருவாய் எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதை மாணவர்க்கும் பொதுமக்களுக்கும் எடுத்துரைத்தது. அடுத்த ஆண்டே, 1950 ஆகஸ்ட் 28ஆம் திகதி, அமெரிக்கரான ஜோன் எக்ஸ்டரை முதல் ஆளுநராகக் கொண்டு இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டது. அதன் பொருளாதார ஆராய்ச்சித் திணைக்களத்தை வழிநடத்தத் தாஸ்குப்தா அழைக்கப்பட்டார். இந்த நகர்வு ஒரு தனிமனிதரின் தொழில் மாற்றமாக மட்டும் நின்றுவிடவில்லை. பல்கலைக்கழகத்தில் பெற்ற புகழ் அரசின் நிறுவனமொன்றில் பதவியாக மாறும் என்ற ஒரு வழியை அது திறந்துவிட்டது; பின்வந்த தலைமுறையில் பொருளியல் சிறப்புப் பட்டம் பெற்றவர்களுள் மிகத் திறமையானோர் விரிவுரையாளர் பதவிக்கும் மத்திய வங்கி வேலைக்கும் இடையே தெரிவு செய்ய வேண்டியவர்களானார்கள். வங்கி கூடுதலாகச் சம்பளம் கொடுத்தது என்பதையும் இங்கு மறைக்க வேண்டியதில்லை.

அவருக்குப் பின்வந்த எச். ஏ. டி. எஸ். குணசேகராவின் வாழ்வில் இவ்வழி இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. இலண்டன் பொருளியற் பள்ளியில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், 1825 முதல் 1957 வரையான இலங்கையின் நாணய வரலாற்றை ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட நூல் இன்றும் அத்துறையில் தவிர்க்க முடியாதது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்து அதன் நோட்டுகள் செல்லாக்காசாகும் நிலை ஏற்பட்டபின் அரசே நோட்டு வெளியிடத் தொடங்கியது. அதற்கென அமைந்த நாணயச் சபை, வெளிநாட்டுச் செலாவணியை ஈடாகப் பெற்றுக்கொண்டுதான் ஒவ்வொரு ரூபாவையும் வெளியிடும். ஏற்றுமதி செழித்தால் நாட்டில் பணம் பெருகும், தேயிலை விலை விழுந்தால் பணமும் சுருங்கும், இடையில் நின்று தாங்கிப்பிடிக்க ஒருவருமில்லை என்பதே இம்முறையின் சாரம். இதைச் சார்புநிலை நாணயம் என்று விளக்கிய குணசேகரா, பேராதனையில் பேராசிரியராக இருந்தபடியே லங்கா சமசமாஜக் கட்சியின் அரசியலிலும் ஈடுபட்டு, 1970இல் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்ததும் திட்டமிடல், வேலைவாய்ப்பு அமைச்சின் நிரந்தரச் செயலாளரானார். வகுப்பறையில் கற்பித்ததைச் செயற்படுத்தும் வாய்ப்பு ஒரு பேராசிரியருக்குக் கிடைப்பது அபூர்வம். 1973ஆம் ஆண்டு எண்ணெய் விலையேற்றமும் உணவுத் தட்டுப்பாடும் அவ்வாய்ப்பைப் பெருஞ்சோதனையாக மாற்றின.

இவ்விருவர்க்கும் இடைப்பட்ட காலத்தில், உலகின் பெயர்பெற்ற பொருளியலாளர் பலர் இலங்கைக்கு அழைக்கப்பட்டனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. 1950களின் இறுதியில் பத்தாண்டுத் திட்டம் வகுக்கப்பட்டபோது ஜோன் ரொபின்சன், நிக்கலஸ் கால்டோர், ஜோன் ஹிக்ஸ், குன்னர் மிர்தால், ஓஸ்கார் லாங்கே, கால்பிரெய்த் ஆகியோர் தேசியத் திட்டமிடற் பேரவைக்கு எழுதிய கட்டுரைகள் தொகுப்பாக வெளியாயின. கால்டோரின் ஆலோசனைப்படி, வருமானத்துக்கன்றி ஒருவர் செய்யும் செலவுக்கு வரி விதிக்கும் செலவு வரி நடைமுறைக்கு வந்தது. செல்வந்தரின் செலவைக் கணக்கெடுக்கும் ஆற்றல் வரித் திணைக்களத்துக்கு இல்லாததால், இந்தியாவில் நேர்ந்தது போலவே இங்கும் அது சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. உள்நாட்டுப் பேராசிரியர் சொல்லாததை வெளிநாட்டுப் பேராசிரியர் சொன்னால் கேட்போம் என்ற மனநிலை அன்றே வேரூன்றிவிட்டதற்கு இத்தொகுப்பு சான்றாகிறது.

ஸ்லேட்டர் வழியை இலங்கையில் நெருங்கி வந்த முயற்சி ஒன்று உண்டு. அது பொருளியல் பேராசிரியர் எவரின் பெயரிலும் அமையவில்லை. மக்கட்தொகை ஆய்வாளரான என். கே. சர்க்காரும், அப்போது சமூகவியல் விரிவுரையாளராக இருந்த ஸ்டான்லி ஜெயராஜா தம்பையாவும், கண்டி மாவட்டத்தின் பாததும்பறைப் பகுதிக் கிராமங்களில் மாணவரோடு வீடு வீடாகச் சென்று திரட்டிய விபரங்களை 1957இல் பல்கலைக்கழகத்தின் வெளியீடாகக் கொண்டுவந்தனர். நிலமின்மை, குத்தகை, கடன் ஆகியவற்றால் கண்டிக் கிராமம் எப்படிக் கலைந்துகொண்டிருக்கிறது என்பதை அட்டவணைகளாலேயே காட்டிய அந்நூல், பொதுவாகக் கிராமத்தைத் தன்னிறைவின் உறைவிடமாகப் போற்றிவந்த அரசியல் பேச்சுக்கு நேர் மாறானது. தம்பையா அடுத்துக் கிழக்கு மாகாணத்துக்கே சென்றார். கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில், அதாவது பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கத்தின் கீழ் அரசு காணி வழங்கிக் குடியமர்த்திய ஊர்களில், சிங்கள, தமிழ் மாணவர்கள் கலந்த ஒரு குழுவோடு அவர் களஆய்வு நடத்திக்கொண்டிருந்தபோது, 1956 ஜூனில் அங்கு இனக்கலவரம் வெடித்தது. கேள்வித்தாளோடு போன மாணவர்களைப் பத்திரமாக வெளியேற்றுவதே ஆசிரியரின் வேலையாயிற்று. தம்பையா இந்நிகழ்வைப் பின்னாளில் தம் எழுத்தில் நினைவுகூர்ந்துள்ளார். 1960இல் இலங்கையை விட்டுச் சென்ற அவர் தாய்லாந்தைத் தம் ஆய்வுக்களமாக்கிக்கொண்டு, இறுதியில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியரானார்.

அதே 1956இல் அதே பல்கலைக்கழகத்தின் பொருளியல் விரிவுரையாளர் ஒருவரும் நாட்டின் கவனத்துக்கு வந்தார் என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும். அரச கரும மொழிச் சட்டமூலத்தில் தமிழுக்கு நியாயமான இடம் அளிக்கும் விதிகள் எவையும் சேரலாகாது என்று வலியுறுத்தி எஃப். ஆர். ஜயசூரிய பாராளுமன்ற வாயிலில் உண்ணாவிரதம் இருந்தார். அவ்விதிகள் கைவிடப்பட்டதற்கு அந்த நெருக்குதலும் ஒரு காரணமாயிற்று. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒருவர் மாணவரைக் கிழக்கின் ஊர்களுக்கு அழைத்துச் சென்றதும், மற்றவர் பாராளுமன்றப் படிகளில் அமர்ந்ததும் ஒரே பருவத்தில் நிகழ்ந்தன. களஆய்வின் பாதை கல்லோயாவோடு தடைப்பட்டது. அரசை நோக்கிய பாதையோ தொடர்ந்து அகலமாயிற்று.

1960இல் சிங்களத்திலும் தமிழிலும் பயின்ற மாணவர்கள் முதன்முறையாகப் பேராதனைக் கலைப்பீடத்தில் நுழைந்தபோது, பொருளியல் ஆசிரியரின் வேலையே உருமாறியது. இலண்டனிலோ கேம்பிரிட்ஜிலோ ஆங்கிலத்தில் கற்றவர், எல்லைப் பயன்பாடு, கேள்வி நெகிழ்ச்சி, கொடுப்பனவு நிலுவை போன்ற கருத்துகளைத் தமிழில் விளக்க வேண்டியவரானார். நூல்கள் போதாத நிலையில் ஆசிரியரின் விரிவுரைக் குறிப்பே நூலாயிற்று, அது கைப்பிரதியாகவும் ரோனியோப் படியாகவும் ஆண்டுதோறும் மாணவர் கைமாறியது. இக்குறையை ஓரளவு தீர்த்தவற்றுள் மக்கள் வங்கியின் ஆராய்ச்சித் திணைக்களம் 1975 முதல் வெளியிட்ட ‘பொருளியல் நோக்கு’ இதழைத் தனித்துச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டியதை ஒரு வங்கி செய்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்த ஒரு முழுத் தலைமுறைக்குத் தமிழில் இலங்கைப் பொருளாதாரம் என்றால் அந்த இதழின் பக்கங்கள்தாம்.

1974இல் யாழ்ப்பாணத்தை அடுத்த திருநெல்வேலியில், சேர் பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தமிழ்ப் பொருளியல் ஆசிரியர்களுக்குப் பேராதனையில் கிடைத்தற்கரியதாக இருந்த துறைத்தலைமையும் பேராசிரியப் பதவியும் இங்கு எட்டும் தூரத்துக்கு வந்தன. சுதந்திரத்துக்குப் பிந்திய கைத்தொழிற் கொள்கை பற்றி எழுதிய ந. பாலகிருஷ்ணன் யாழ்ப்பாணத்தின் பொருளியல் பேராசிரியராக விளங்கினார். அங்கு கற்பித்த வி. நித்தியானந்தம் பின்னர் நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகத்துக்குச் சென்றபின்னும், வடக்கு கிழக்கின் பரிமாணத்திலிருந்து இலங்கைப் பொருளாதார வரலாற்றைத் தமிழில் எழுதினார். காத்தான்குடியில் பிறந்து பேராதனையில் பயின்ற பொருளாதார வரலாற்றாசிரியர் அமீர் அலியின் தொழில்வாழ்வும் மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்டோக் பல்கலைக்கழகத்திலேயே நிலைகொண்டது. 1983இல் உள்நாட்டுப் போர் வெடித்தபின் புலமைப்பரிசிலோடு வெளிநாடு சென்ற விரிவுரையாளர் பலர் திரும்பவில்லை. படிப்பு விடுமுறைக்கு முன் கையொப்பமிட்ட பிணைப்பத்திரத்தின்படி, வாங்கிய சம்பளத்தைத் திருப்பிச் செலுத்தினால் கடமை தீர்ந்துவிடும் என்பது அவர்களுக்குப் போர் தந்த கணக்கு.

இப்பதவிக்கு ஏறும் படிகளின் அமைப்பையும் இங்கு விளக்குவது அவசியம். முதல் வகுப்புச் சிறப்புப் பட்டம் பெற்றவர் பெரும்பாலும் தற்காலிக உதவி விரிவுரையாளராகத் தொடங்கி, தகுதிகாண் விரிவுரையாளராகி, ஆய்வு சார்ந்த பட்டமேற்படிப்பை முடித்தபின் நிரந்தரமாக்கப்பட்டு, சிரேஷ்ட விரிவுரையாளரின் இரு தரங்களையும் கடந்து பேராசிரியப் பதவிக்கு விண்ணப்பிக்கிறார். 65 வயதில் ஓய்வு. முன்பு ஒரு துறைக்கு ஒரு பேராசிரியர் என்ற நியதி இருந்தமையால், மூத்தவர் ஓய்வுபெறும்வரை தகுதியுள்ள இளையவர் காத்திருந்தே வயதாக நேர்ந்தது. திறமை அடிப்படையிலான பதவியுயர்வு வந்தபின் அக்காத்திருப்பு நீங்கியது. அதன் இடத்தில் புள்ளித் திட்டம் வந்து அமர்ந்தது: கற்பித்தலுக்கு இவ்வளவு, ஆய்வுக்கு இவ்வளவு, பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் ஆற்றிய பணிக்கு இவ்வளவு என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கை வகுத்திருக்கும் அளவுகோலின்படி, விண்ணப்பதாரி தம் கட்டுரைகளையும் நூல்களையும் குழுப் பணிகளையும் எண்ணிக் கூட்டிக் காட்ட வேண்டும். சர்வதேசச் சுட்டிகளில் இடம்பெற்ற ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு, யாழ்ப்பாணக் கலைப்பீடத்தின் ‘சிந்தனை’ போன்ற தமிழ் இதழில் வரும் கட்டுரைக்குக் கிடைப்பதில்லை. தட்டிக்கழிக்க முடியாத நியாயம் ஒன்று இதில் இருக்கிறது, ஏனெனில் நடுவர் பரிசீலனையின் கடுமை எல்லா இதழ்களிலும் ஒன்றல்ல. ஆனால் 1921இல் இலண்டன் வினாத்தாள் செய்த வேலையை இன்று சுட்டிப் பட்டியல் செய்கிறது என்ற எண்ணத்தையும் தவிர்க்க இயலவில்லை.

கிழக்கில் உயர்கல்வி இன்னும் தாமதமாக வந்தது. 1981 ஆகஸ்டில் வந்தாறுமூலையில், மத்திய மகா வித்தியாலய வளவில், மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது விஞ்ஞானமும் விவசாயமுமே கற்பிக்கப்பட்டன. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தபின்பே வணிகமும் கலைப்பாடங்களும் இடம்பிடித்து, அவற்றோடு பொருளியலும் வேர்கொண்டது. நான்கு ஆண்டுகளுக்குள் போர் வளாகத்துக்குள்ளேயே வந்தது. 1990இல் அங்கு அடைக்கலம் புகுந்திருந்த அகதிகளுள் 158 பேர் செப்டம்பர் 5ஆம் திகதி இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பவேயில்லை. 2006 டிசம்பரில் துணைவேந்தர் சி. ரவீந்திரநாத் கொழும்பில் காணாமலாக்கப்பட்டார். இத்தகைய ஆண்டுகளில் புள்ளித் திட்டத்துக்குக் கட்டுரை எழுதுவது ஒருபுறமிருக்க, ஊருக்குள் சென்று வீடு வீடாக வருமானம் கேட்பது எத்தகைய ஐயத்தை எழுப்பும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு தரப்பும் கணக்கெடுக்க வந்தவரை மறுதரப்பின் ஆளாகவே பார்த்தது.

அந்த ஊர்களில் கேட்டறிய என்ன இருந்தது என்பதற்கு இறக்கக்கண்டிக் கரையே விடை. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளித்திருக்கும். அது தணிந்தபின் வரும் மாதங்களில்தான் கரைவலை இறங்கும். வலையின் ஒரு நுனிக் கயிற்றைக் கரையில் விட்டு, தோணி கடலுக்குள் அரைவட்டமாகச் சென்று வலையை வளைத்துப்போட்டு, மறுநுனியைச் சற்றுத் தொலைவில் கரைசேர்க்கும். பின் இரு புறமும் வரிசையாக நின்று பலர் இழுக்க, மீன் நடுவிலுள்ள மடிக்குள் ஒதுங்கும். வலையும் தோணியும் சம்மாட்டிக்கு உரியவை. இழுப்போர் அன்றாடக் கூலி பெறுவதில்லை, செலவு கழித்த வருமானத்தில் பங்கு பெறுகிறார்கள். எந்த வலை எந்தக் கரைத்துண்டில் இறங்கலாம் என்பது பாடு எனப்படும் உரிமையால் வரையறுக்கப்பட்டிருக்கிறது. வலைக்காரரின் முதல், இழுப்போரின் உழைப்பு, கரையின் உரிமை, பருவம் தொடங்குமுன் இழுப்போருக்குக் கொடுக்கப்படும் முற்பணம், பருவகாலத்தில் நீர்கொழும்பிலிருந்து வந்து வாடியமைக்கும் மீனவரோடு எழும் போட்டி ஆகிய யாவும் ஒரே மணற்பரப்பில் கண்ணுக்கெதிரே நடக்கும் இத்தொழிலில், உற்பத்திக் காரணிகளுக்கு வருமானம் எவ்வாறு பகிரப்படுகிறது என்னும் பாடநூல் அதிகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இவ்வகை மீன்பிடி உலகப் பொருளியலில் இடம்பெறாமலும் இல்லை. 1954இல் கனடிய பொருளியலாளர் எச். ஸ்கொட் கோர்டன், எவருக்கும் உரிமையில்லாத கடலில் யாரும் நுழையலாம் என்றிருந்தால், இலாபம் முற்றாகக் கரையும்வரை புதியவர் வந்துகொண்டேயிருப்பர் என்று வாதிட்டார். இதைச் சோதித்துப் பார்க்கத்தக்க சான்று இலங்கையின் தென்கரையிலிருந்தே கிடைத்தது. அங்குள்ள மாவெல்லை என்னும் ஊரின் கரைவலைகளை ஆராய்ந்து மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் 1982இல் வெளியிட்ட நூல், ஒவ்வொரு வலையும் வழக்கமாக எட்டுப் பங்குகளாகப் பிரிந்திருந்ததையும், வலைகள் முறைவைத்துக் கடலில் இறங்கியதையும், வீதியும் பனிக்கட்டியும் வந்து மீனுக்கு விலை ஏறியபின், புதிய வலைகளைத் தடுக்கும் விதி இருந்தும் அரசியல் செல்வாக்கால் அது செயலிழந்து, வலைகள் தேவைக்கு மேல் பெருகியதையும் விவரித்தது. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், பொதுவளங்களை மக்களே ஆளும் முறைகள் பற்றிய தம் 1990ஆம் ஆண்டு நூலில் மாவெல்லையைத் தோல்வியுற்ற ஏற்பாடுகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டினார். உலகெங்கும் உள்ள மாணவர் அந்நூலின் வழியாகவே இலங்கையின் கரைவலையை அறிகிறார்கள்.

தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இறக்கக்கண்டிப் பக்கத்துக்கு மாவெல்லையின் முடிவு பொருந்துமா என்பது திறந்த வினா. தெற்கில் வலைகள் பெருகியதற்குப் பின்வந்த பதிற்றாண்டுகளில் கிழக்கில் நிகழ்ந்தது நேர்மாறானது: போர்க்காலத்தில் கடலுக்குச் செல்லும் நேரமும் தூரமும் கட்டுப்படுத்தப்பட்டன, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமி தோணிகளையும் வலைகளையும் அள்ளிச்சென்றது. பின்னர் உதவி நிறுவனங்கள் படகுகளை வழங்கியபோது யாருக்குப் பங்கு, யாருக்குப் பாடு என்ற கணக்கு புதிதாகத் தொடங்கியது. போட்டி பெருகி இலாபம் கரைந்த கதைக்கு மாற்றாக, வன்முறையால் தொழில் சுருங்கிப் பின் உதவியால் திடீரென விரிந்த கதை இங்கு இருக்கிறது. கோர்டனின் கோட்பாட்டை இவ்விரு கரைகளிலும் வைத்து ஒப்பிடும் ஆய்வு எந்த ஆங்கில இதழும் மறுக்காத தகுதியுடையது.

திருகோணமலை வளாகம் 1990களில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக முளைத்து, 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக அமைந்தது. அங்கு தொடர்பாடலுக்கும் வணிகக் கற்கைக்குமான பீடம், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் என்பன உள்ளன. பொருளியல் வணிக, முகாமைத்துவக் கற்கைகளுக்குள் வைத்தே கற்பிக்கப்படுகிறது. அனுமதியில் நாடளாவிய திறமைக்கு 40 விழுக்காடும் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு 55 விழுக்காடும் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு 5 விழுக்காடும் என்ற முறையின் கீழ், வசதி குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் திருகோணமலையும் இடம்பெறுவதால், பொருளியலும் கணக்கீடும் வணிகக்கல்வியும் எடுத்து உயர்தரம் சித்தியடைந்த குச்சவெளிப் பக்கத்து மாணவர் ஒருவர் பல்கலைக்கழகம் செல்லும் வாய்ப்பு முன்னைய தலைமுறையினதைவிடக் கூடியிருக்கிறது. கரைவலைக் குடும்பத்திலிருந்து அவ்வாறு வந்த மாணவரிடம் ஸ்லேட்டரின் வினாப்படிவத்தைக் கொடுத்து விடுமுறைக்கு அனுப்ப ஒரு விரிவுரையாளருக்கு இன்று பரீட்சை முறை தடையல்ல, மொழி தடையல்ல, வீதியும் திறந்தே இருக்கிறது. அதற்காகச் செலவிடும் மூன்று ஆண்டுகளுக்குப் பதவியுயர்வு விண்ணப்பத்தில் என்ன புள்ளி கிடைக்கும் என்பதை அவர் முதலில் கணக்கிட்டுப் பார்ப்பார். தற்போதைய அட்டவணையின்படி, தமிழில் அச்சாகும் ஒரு கிராம ஆய்வறிக்கையைவிட, கொழும்பிலோ மலேசியாவிலோ நடக்கும் மாநாடுகளில் வாசித்த கட்டுரைகளைத் திருத்திச் சுட்டியிடப்பட்ட இதழ்களுக்கு அனுப்புவதே அவரை விரைவாகப் பேராசிரியராக்கும்.